சுடுற ஐஸ்

ரொம்ப வருஷமாக மனசில் கிடக்கும் ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பில் 'நீர் மூன்று நிலைகளில் இருக்கும்' என்று போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், சுடுற ஐஸ் இருக்கா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்காரு" என்றேன். அந்த வருஷம் முழுக்க அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை.

போன வாரம் பேத்திக்குக் கோள்கள் பாடம் சொல்லிக்கொடுக்கத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒன்று இருக்கிறது!

யுரேனஸ், நெப்டியூன் இரண்டையும் பனிக்கோள்கள் என்பார்கள். பெயர்தான் பனி. உள்ளே பல ஆயிரம் டிகிரி சூடு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்ததை நம் ஜவ்வாது மலைக் காவலூரிலிருந்தும் கவனித்தார்கள். நட்சத்திர ஒளி இடையிடையே மங்கியதை வைத்துத்தான் அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. வளையம் சரி, வயிற்றுக்குள் இருப்பதைத் தொலைநோக்கி காட்டுமா?

அதனால் அந்த வயிற்றை இங்கேயே செய்து பார்த்தார்கள். குக்கரில் விசில் வரும்போது உள்ளே சுமார் இரண்டு மடங்கு காற்றழுத்தம். அதற்கே நீர் 120 டிகிரி வரை ஆவியாகாமல் தாங்கும். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மெல்லிய நீர்ப்படலத்தை வைரத் துண்டுகளுக்கு நடுவே வைத்து லேசரால் அடித்தார்கள். பத்து லட்சம் மடங்குக்கும் மேல் அழுத்தம், இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடு. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில துண்டு நேரம்தான். அதற்குள் நீர் ஐஸாகிவிட்டது!

அந்த ஐஸில் ஆக்சிஜன் அணுக்கள் பாவு நூல் மாதிரி இடத்தைவிட்டு அசையாது. எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் மட்டும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். தறியில் நாடாவுக்காவது போகிற வழி தெரியும், இவற்றுக்கு அதுவும் இல்லை. பாதி திடம், பாதி திரவம். என் போர்டில் இதை எந்த நிலையில் எழுதுவேன்?

அந்தக் கோள்களில் மீத்தேனும் உண்டு. அதிலுள்ள கார்பன் நசுங்கி வைர மழையாகப் பெய்யலாம் என்கிறார்கள். தெர்மாகோல் செய்கிற பாலிஸ்டைரீனை இப்படியே லேசரால் அடித்து, 2017இல் கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்களைப் பார்த்திருக்கிறார்கள். (நாத்தனார்மார் கவனத்துக்கு: அள்ளிவர வழியில்லை.)

அந்தப் பெண்ணின் பெயரைப் போடவில்லை. இதைப் படித்தால் அவளுக்கே தெரியும். சுடுற ஐஸ் இருக்கும்மா. பதில் சொல்ல இவ்வளவு நாளாகிவிட்டது. அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிச்சிடு. எங்கே இருக்கிறாய், எத்தனை பிள்ளைகள், ஒரு வரி எழுது.