நாலே முக்கால் டிஎம்சி

2016 செப்டம்பர் 12. பெங்களூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் மத்தியானத்துக்கே கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. காவிரியில் தமிழகத்துக்கு வினாடிக்கு 12,000 கனஅடி விடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அன்றுதான் உத்தரவைத் திருத்தியிருந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. எங்கள் பைக்கின் நம்பர் பலகையில் இருந்த ‘டிஎன்’ மேல் என் கணவர் செம்மண்ணைக் குழைத்துப் பூசினார். கீழ்வீட்டுக் கன்னடத்து அம்மா ஏறிவந்து, பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்கவைக்கச் சொன்னார்.

ராத்திரி அப்பா போன் செய்தார். அவருக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் நிலம். “பத்திரமா இருக்கியாம்மா?” என்றவர், சற்றுப் பொறுத்து, “அங்க தண்ணி வருதா?” என்றார்.

வந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவரும் காவிரிதான் எங்கள் குழாயில் வந்தது. அப்பாவின் வாய்க்காலில்தான் வரவில்லை. ஜூன் 12இல் திறக்கவேண்டிய மேட்டூர் அணை அந்த வருஷம் செப்டம்பர் 20இல் திறந்தது. பிறகு மழையும் பொய்த்தது. நேரடி விதைப்பில் முளைத்த சம்பா முழங்கால் உயரத்தில் கருகிற்று.

2018 பிப்ரவரி 16, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டிய 192 டிஎம்சி 177.25 ஆகக் குறைந்தது. குறைந்ததில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று 2007இல் நடுவர் மன்றம் அளந்து கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் நகரம் முழுவதன் தாகத்தையும் கணக்கில் எடுத்தது.

எனக்குத் தொண்டை அடைத்தது. அது என் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். அப்பாதான் பேசினார்: “குடிக்கிற தண்ணிய வேணாம்னு சொல்ல நாம யாரு? அத விடு.”

அவரைத் தைத்தது மீதி 10 டிஎம்சி. நம் பக்கத்து நிலத்தடி நீரைக் காட்டி அதைக் கழித்திருந்தார்கள். எழுந்துபோய் போர்வெல்லில் ஒரு சொம்பு பிடித்துவந்து நீட்டினார். வாயில் வைத்தேன். உப்பாகக் கரித்தது.

“இந்தத் தண்ணியப் பத்தி அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா.”

தீர்ப்பு இங்கிலீஷில், நானூறு பக்கத்துக்கு மேல். திண்ணையில் உட்கார்ந்து போனில் திறந்தேன். அப்பா விளக்கைப் போட்டுவிட்டு அருகில் வந்து அமர்ந்தார். முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.