கூண்டுக்குள் இருந்த குற்றவாளி

கோழி வளர்ப்பது வெகு சுலபம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், சகோதரிகளே, அவர் ஒரு நாளும் கோழி வளர்த்தவர் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். பென்ஷன் வாங்க ஆரம்பித்த மூன்றாவது மாதம், "பேத்திக்கு நல்ல நாட்டுக்கோழி முட்டை கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே, நான்கு பெட்டைகளையும் ஒரு சேவலையும் கூடையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

நாங்கள் இருப்பது தாம்பரத்துக்குப் பக்கத்தில். கொல்லையில் ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கிற கல், கொஞ்சம் காலி இடம். அந்தக் காலி இடத்தில், பழைய பலகைகளையும் மூங்கிலையும் கொண்டு ஆசாரி ஒரு கூண்டு கட்டிக் கொடுத்தார். ஆறு வயதுப் பேத்திக்குப் பிடிபடாத சந்தோஷம். தினமும் காலையில் கூண்டுக்குள் கையை விட்டு முட்டை எடுப்பது அவள் உத்தியோகம். அவளுக்கு ஒரு துணை உத்தியோகஸ்தியும் இருந்தாள். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவளின் மகள். அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது. (தாயின் பெயரையோ மகளின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப் போக உங்களுக்கே தெரியும்.)

எட்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஒரு நாள் பேத்தி முழங்கையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றாள். கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் பூசினேன். கேட்கவில்லை. வேப்பிலை போட்டுக் குளிப்பாட்டினேன். அதற்கும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வேலைக்காரியின் மகளும் அதே மாதிரி சொறிந்துகொண்டிருக்கிறாள்!

அவ்வளவுதான். என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. இது சொறிதான், அந்தப் பெண்ணிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். சாட்சி இல்லை, விசாரணை இல்லை. "இனிமேல் குழந்தையை இங்கே அழைத்து வராதே. அவளுக்கு ஏதோ தோல் வியாதி இருக்கிறது" என்று தாயிடம் சொன்னேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. "சரிம்மா" என்றாள். மறுநாளிலிருந்து தனியாகத்தான் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தையை யார் வீட்டில் விட்டு வருகிறாள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பேத்தியின் அரிப்பு மட்டும் நின்றபாடில்லை!

இதற்கிடையில் கூண்டிலும் ஒரு குழப்பம். புள்ளிக்காரி என்று நாங்கள் பெயர் வைத்திருந்த பெட்டை, ஒன்பது முட்டைகளின் மேல் அடைக்கு உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிக்க 21 நாள் அல்லவா? பன்னிரண்டாம் நாள் இரவு முட்டைகளை அம்போவென்று விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டது. காலையில் பார்த்தால் முட்டைகள் ஜில்லென்று கிடக்கின்றன. மற்றப் பெட்டைகளின் கொண்டையும் வெளுத்துப் போயிருந்தது. முட்டை போடுவதும் குறைந்துவிட்டது.

கொல்லையைப் பெருக்க வந்தவள்தான் அதைக் கவனித்தாள். அடைப்பெட்டியின் விளிம்பில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். வெயிலில் நீட்டி, "இங்கே பாருங்கம்மா" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் கையில் ஒட்டியிருந்த தூசி நகர்ந்துகொண்டிருந்தது!

"இது கோழிச் செள்ளும்மா. எங்க ஊர்ல சின்ன வயசுல பார்த்திருக்கேன். பகல்ல பலகை இடுக்குல ஒளிஞ்சுக்கும். ராத்திரி வந்து கோழிகிட்ட ரத்தம் குடிக்கும். மனுசங்களையும் கடிக்கும். தடிப்புத் தடிப்பா வரும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. இரண்டு குழந்தைகளும் சேர்ந்து கை விட்டது இந்தப் பெட்டிக்குள்தானே? அப்படியானால் அவள் மகளிடமிருந்து என் பேத்திக்கு எதுவும் வரவில்லை. என் வீட்டிலிருந்துதான் அந்தக் குழந்தைக்குப் போயிருக்கிறது!

அன்றிரவு செல்போன் வெளிச்சத்தில் நானும் இவரும் ஒரு பரீட்சை செய்தோம். கோழிகள் உட்காரும் மூங்கிலின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றை அழுத்தித் துடைத்தோம். துணியெல்லாம் ரத்தக் கீற்று. சந்தேகமே இல்லை.

காலையில் இவர் வீரமாகக் கிளம்பினார். பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்தை வாங்கி வந்து கூண்டு முழுவதும் அடித்துவிடுவதாகத் திட்டம். நல்ல வேளை, முதலில் கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேட்கச் சொன்னேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "2017-ஆம் ஆண்டில் ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் என்ன நடந்தது தெரியுமா? இதே செள்ளுக்காகப் பண்ணைகளில் அடித்த மருந்தில், ஃபிப்ரோனில் என்ற கூடாத மருந்து கலந்திருந்தது. அது முட்டைக்குள் போய்விட்டது. லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். உங்கள் பேத்தி முட்டை சாப்பிட வேண்டாமா?" என்று கேட்டாராம். கோழிகளுக்கு உரிய மருந்தைக் கொடுத்து, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

அவர் சொன்ன மற்றொரு விஷயம்தான் முக்கியம். இந்தச் செள்ளுக்கு எட்டுக் கால். உண்ணி, சிலந்தி வகையைச் சேர்ந்தது. ரத்தம் குடிக்காதபோது சாம்பல் நிறம், குடித்தால் சிவப்பு. பெரும்பாலான நேரம் கோழியின் மேல் இருப்பதே இல்லை, குடியிருப்பு கூண்டில்தான். இரை இல்லாமல் மாதக் கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஆகவே கோழிக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை, கூண்டுக்கும் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கோழிகளைக் கூடையில் கவிழ்த்துவிட்டு, கூண்டில் இருந்த வைக்கோலையெல்லாம் வாரி எரித்தோம். மூங்கில்களைக் கழற்றி, பலகை இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். எல்லாவற்றையும் நல்ல வெயிலில் காயப்போட்டோம். பிறகு, இடுக்குகள் அடைபடும்படி கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தோம். மூங்கில் பொருந்துகிற மூட்டுகளில் வேப்பெண்ணெய் தடவினோம். கோழிகள் புரண்டு குளிக்க, மணலில் சலித்த சாம்பலைக் கலந்து ஒரு தொட்டியில் வைத்தோம். குழந்தையின் துணி, படுக்கை விரிப்பெல்லாம் வெந்நீரில் துவைத்தோம்.

"அப்பாடா!" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக இதற்கு ஒரு வாரமே போதுமாம். முதல் தடவை தப்பிய முட்டைகள் பொரித்து, அடுத்த வாரமே படை திரண்டு வரும். ஆகையால் ஏழாம் நாள் ஒரு தடவை, பதினான்காம் நாள் ஒரு தடவை, ஆதியிலிருந்து அத்தனையும் திரும்பச் செய்தோம். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முட்டை கடையில் என்ன விலை?" என்று கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனிதர்கள் மேல் இந்தச் செள்ளு குடியிருப்பதில்லை. கூண்டு சுத்தமானதும் பேத்தியின் அரிப்பும் பத்து நாளில் தானாகவே அடங்கிவிட்டது.

கூண்டைச் சுத்தம் செய்ய மூன்று தடவை போதுமாக இருந்தது. என் வாயால் சொன்னதைச் சுத்தம் செய்வதுதான் சிரமமாக இருந்தது. ஒரு சாயங்காலம் நானே அவள் வீட்டுக்குப் போனேன். "தப்பு என் பேரில்தான். தெரியாமல் குழந்தையைச் சொல்லிவிட்டேன்" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா, விடுங்க" என்றாள் தாய். ஆனால் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை. "எனக்கு வியாதின்னு சொன்னீங்கல்ல?" என்று அங்கிருந்தே கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது? "இல்லை கண்ணு, வியாதி எங்கள் கூண்டுக்குத்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் அவள் வரவில்லை. அதற்குள் புள்ளிக்காரி மறுபடி அடைக்கு உட்கார்ந்திருந்தது. இருபத்தோராம் நாள் காலை கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. பேத்தி ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடினாள். வேலைக்கு வந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

ஏழு குஞ்சுகள். எண்ணிச் சொன்னது அவள்தான்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அரிப்பு வந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். கொல்லையில் கோழி இருந்தால், ராத்திரியில் ஒரு வெள்ளைத் துணியோடு கூண்டையும் பாருங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பற்றி வாய் திறப்பதை மட்டும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.