கம்பி நிற்கக் கூடாது

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு தகப்பனும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இறந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். தீயைவிடப் புகைதான் உயிரை வாங்கியது. அதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாமென்று பேட்டரி தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். கோவை நண்பர் ஒருவர், “புரொபசர் யாரையும் பாக்க வேண்டாம். கணபதியில ஒரு பேட்டர்ன் ஆசாரி இருக்காரு. இப்ப ரிமோட் ஏரோப்ளேன் செய்யறாரு. லித்தியம் பேட்டரியோடதான் அவருக்குப் பொழப்பே” என்று அழைத்துப்போனார். ஸ்கூட்டர் கட்டுரை அத்தோடு நின்றது.

கணபதியின் சந்துகளில் இன்னமும் லேத் சத்தம் கேட்கிறது, முன்பு கேட்ட அளவுக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறைதான் பட்டறை. விட்டத்தில் இறக்கைகள் வரிசையாகத் தொங்கின. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என்னை மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு மண்சட்டியைக் காட்டினார். சட்டிக்குள் மூன்று விரல் அகலத்தில் ஒரு நீலநிறப் பொட்டலம். சட்டிக்கு அடியில் தரை ஓடு. பக்கத்தில் இரண்டு வாளி ஆற்று மணல்.

“சார்ஜ் ஏறுதுங்க. முடியற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். டீ வேணும்னா நீங்க போய்க் குடிச்சுட்டு வாங்க.”

நான் போகவில்லை. அவரும் நானும் நண்பரும் ஒரு பேட்டரிக்குக் காவல் இருந்தோம்.

அது மூன்று செல் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் என்று கணக்கு வைத்து 11.1 என்று மேலே அச்சிட்டிருக்கும். முழுதாக ஏறினால் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6. “4.2க்கு மேல போகக் கூடாது, 3.3க்குக் கீழ வரக் கூடாது. இந்தச் சந்துக்குள்ளதான் அதுக்கு உசுரு” என்றார். பொட்டலத்திலிருந்து இரண்டு தடித்த கம்பிகள் மஞ்சள் பிளக்கில் முடிந்தன. அவை போக நான்கு மெல்லிய கம்பிகள் வெள்ளை பிளக்கில் முடிந்தன. அந்த வெள்ளை பிளக்கைத்தான் அவர் திரும்பத் திரும்பத் தொட்டுப் பேசினார். தடித்த கம்பி வழியாக மட்டும் சார்ஜ் போட்டால் மீட்டர் 12.6 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். உள்ளே ஒரு செல் 4.35க்கு ஏறியிருக்கும், இன்னொன்று 4.1இல் தங்கியிருக்கும். ஏறினதுதான் வீங்கும், கொதிக்கும், பற்றிக்கொள்ளும். வெள்ளை பிளக் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சார்ஜருக்குக் காட்டிக்கொடுக்கிறது. சார்ஜர் மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது.

எவ்வளவு ஆம்ப்பியரில் போடுவது என்பதற்கு அவர் கணக்கு எளிது. 2200 மில்லி ஆம்ப்பியர் ஹவர் என்று எழுதியிருந்தால் 2.2 ஆம்ப்பியர். காலியான பேட்டரி ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவசரப்பட்டு அதற்கு மேல் வைக்கிறவர்களும் உண்டு, சில பேட்டரி தாங்கும் என்று கம்பெனியே எழுதியிருக்கும். “தாங்குமுங்க. எத்தனை நாளைக்கு?” பறந்து இறங்கியதும் சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. இன்று பறக்கவில்லையென்றால் முழுதாக ஏற்றி வைக்கவும் கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். முழு வயிற்றோடு ஒரு மாதம் கிடந்த பேட்டரி ஒன்றை எடுத்துக் காட்டினார். தலையணையாக உப்பியிருந்தது. அதற்கு இனிச் சார்ஜ் கிடையாது. பழைய கார் பல்பை மாட்டி, வெளித் திண்ணையில் மணல்மேல் வைத்து, சொட்டுச் சொட்டாகக் கடைசிவரை வடித்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவார். மணல் எதற்கு, அணைக்கவா என்று கேட்டேன். லிப்போ பற்றிக்கொண்டால் மணல் அணைக்காது, பரவ விடாது, அவ்வளவுதான் என்றார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாத ஆள் என்று அப்போதே பிடித்துப்போயிற்று.

மின்சாரத்தில் பொம்மை விமானம் பறப்பது இன்று நேற்று வந்ததல்ல. 1957 ஜூனில் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் வெள்ளி-துத்தநாக பேட்டரி வைத்து ரேடியோ விமானம் ஒன்றைப் பறக்கவிட்டிருக்கிறார். ஆனால் பேட்டரியின் கனம் பல காலம் தடையாகவே இருந்தது. இவர் இந்த வேலைக்கு வந்தபோதும் எல்லாம் எஞ்சின்தான். ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருள், விரலால் சுண்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். வலது ஆள்காட்டி விரலில் அந்தக் காலத்துத் தழும்பு இருக்கிறது.

பேட்டர்ன் வேலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பம்பு, மோட்டார், கிரைண்டர் பாகங்களை வார்க்க மணலில் அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்கு முதலில் தேக்கில் செதுக்குகிற மாதிரிதான் பேட்டர்ன். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் அளவில் சுருங்கும். அதனால் பேட்டர்ன் ஆசாரியின் அளவுகோலே கொஞ்சம் நீளமானது, அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துக் கோடு போட்டது. மணலிலிருந்து உருவும்போது ஓரம் உடையாமலிருக்கப் பக்கங்களைச் சற்றுச் சரிவாக இழைக்க வேண்டும். பதினாறு வயதில் மாமன் பட்டறையில் இதற்கு உட்கார்ந்தவர், கோவை பவுண்டரிகளுக்கு எத்தனை பம்பு உடல்களுக்கு மாதிரி செய்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. பிறகு கம்ப்யூட்டர் மிஷின் வந்தது. படத்தைக் கொடுத்தால் அலுமினியத்தில் கடைந்து தள்ளிவிடுகிறது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. சில ஆசாரிகள் கதவு ஜன்னல் செய்யப் போனார்கள், சிலர் செக்யூரிட்டி வேலைக்கு.

இவரைத் திருப்பிவிட்டது என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் ஒருவர். அந்த உத்தியோகத்துக்கு அரசாங்கத்தில் ‘பயிற்றுநர் மற்றும் பண்டகக் காப்பாளர்’ என்று பெயர். அங்கே பிள்ளைகளுக்குப் பறக்கவிடவும் கற்றுக்கொடுக்க வேண்டும், பால்சா கட்டைக்குக் கணக்கும் வைக்க வேண்டும். விமானி உட்காரும் இடத்துக்குக் கண்ணாடிக் கூண்டு செய்ய ஒரு மர அச்சு வேண்டுமென்று அவர் பட்டறை தேடி வந்திருக்கிறார். அச்சுக்குக் கூலி கொடுத்தவர் போகும்போது ஓர் உடைந்த இறக்கையையும் விட்டுப்போனார். “அதப் பாத்தனுங்க. அடிப்பக்கம் தட்டை, மேல வளைவு. எம்மேல யாரோ சவால் விட்ட மாதிரி இருந்துச்சு.” அந்த வளைவு கிளார்க்-ஒய். அமெரிக்காவில் 1922இல் வகுத்தது. அடிப்பக்கம் பெரும்பகுதி தட்டையாக இருப்பதால் மேசைமேல் வைத்துக் கட்டலாம், மெதுவாகப் பறந்தாலும் தூக்கும். பழகுகிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அதுதான்.

பால்சா ஈக்வடாரிலிருந்து வர வேண்டும், விலை கட்டுப்படியாகாது. இவர் இறக்கைகள் தெர்மாகோல். அதை வெட்டுகிற வில்லை நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். மூங்கில் சட்டத்தின் இரு முனைக்கும் நடுவே இறுக்கிய நைக்ரோம் கம்பி. மின்சாரம் கொடுத்தால் சூடேறும். தெர்மாகோல் பாளத்தின் இரண்டு பக்கமும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் மைகா தகடு குத்தியிருக்கும். இரண்டிலும் ஒன்று முதல் இருபது வரை கோடு. இறக்கை அடியில் அகலம், நுனியில் குறுகல். ஆகவே இந்தக் கையும் அந்தக் கையும் வேறுவேறு தூரத்தை ஒரே நேரத்தில் கடந்தாக வேண்டும். அந்தப் பக்கக் கை அவர் மனைவியுடையது.

அக்கா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, முந்தானையை மூக்கின்மேல் சுற்றிக்கொண்டு வில்லைப் பிடித்தார். அவர்தான் எண்ணுகிறார். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” இருவரும் அந்தந்த எண்ணில் இருக்க வேண்டும். கம்பி ஒரு நொடி நின்றால் அந்த இடம் உருகிக் குழி விழும். வேகமாக இழுத்தால் நடுக்கம்பி பின்தங்கி இறக்கையின் நடுப்பகுதி மெலியும். ஒன்பதில் ஆசாரியின் கை கொஞ்சம் தயங்கியது. “ஏனுங்க, நிக்காதீங்க, வாங்க” என்றார் அக்கா, எண்ணுகிற குரல் மாறாமல். பத்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மேல் ஓடு கழன்றதும் உள்ளேயிருந்த வளைவை ஆசாரி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பேட்டர்ன் ஆசாரிகள் எல்லோரும் இப்படித்தான் கண்ணைவிடக் கையை நம்புகிறவர்கள். அதன்பின் மூங்கில் சட்டம் பதித்து, காக்கி பேப்பரைப் பசை தடவி ஒட்டுவார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துதான் வெட்ட வேண்டும், அந்தப் புகை நல்லதல்ல. அக்கா எண்ணுவதற்குக் கூலி எதுவும் பில்லில் ஏறுவதில்லை.

ரிசீவர், சர்வோ, வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, ரிமோட்டுக்குள் செய்கிற அமைப்புகள் பற்றியெல்லாம் அவர் பேரன் அரை மணி நேரம் விளக்கினான். நல்ல பையன்.

இந்த இறக்கைகளை யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் கல்லூரிகளில் ‘ஏரோமாடலிங் பயிற்சி முகாம்’ நடத்துகிற ஏஜென்ட்டுகள். ஒவ்வொரு மாணவரிடமும் கட்டணம் வாங்கி, இரண்டு நாளில் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். இறக்கைமேல் அவர்கள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறார்கள். செய்தவன் பெயர் எங்கும் இல்லை. பணம் மாதக்கணக்கில் இழுக்கும். கூலி குறைவு என்பது புதிதல்ல, கைத்தொழில் எதை எடுத்தாலும் அதே கதைதான். என் கோபம் வேறு. செலவை மிச்சம் பிடிக்க அவர்கள் முதலில் வெட்டுவது சார்ஜரை. அந்த வெள்ளை பிளக்கே இல்லாத மலிவு சார்ஜர் ஒன்றை ஹாஸ்டல் பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பையன் அதைக் கட்டில்மேல் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போகிறான். விமானம் எழும்பும் போட்டோ நாளைக்கு விளம்பரத்துக்கு ஆகும். சட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காருவதை யார் போட்டோ எடுப்பார்கள்? அந்த ஒரு மணி நேரத்தைக் கற்றுக்கொடுக்கிறவனுக்குத்தான் முகாம் நடத்துகிறவன் முதல் கூலி கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டான். இதை நான் சொல்லச் சொல்ல ஆசாரி சிரித்தார். “நீங்க டென்சன் ஆகாதீங்க தம்பி, அவனும் நாலு பேருக்குச் சம்பளம் போடோணுமில்ல” என்றார். அவருக்கு இருக்கிற பெருந்தன்மை எனக்கு வரவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் தொண்டாமுத்தூர் பக்கம் பறக்கவிடப் போனோம். கணபதியில் முடியாது. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் எதையும் மேலே அனுப்ப இயலாது. எட்டிலிருந்து பன்னிரண்டுவரை 60 மீட்டர் உயரம், அதற்கப்பால் வரைபடத்தில் பச்சையாக இருக்கிற இடத்தில் 120. பீளமேட்டில் விமான நிலையம், கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம். ஆக மேற்கேதான் போக வேண்டும். மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் அங்கே பட்டம்கூட நிற்காது. மற்ற மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டால் பிழைத்தோம்.

அன்று பறக்கவிட வந்தது ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண். ஆசாரியைத் தாத்தா என்கிறாள், அவருக்கு அவள் கண்ணு. முதலில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டர் பின்னால், இரு பக்கமும் விரல் நுனி வைத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தாள். மட்டமாக நின்றது. வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் நகர்த்த வேண்டும். மூக்கு சற்றுக் கனத்தால் சோம்பலாகப் பறக்கும், வால் கனத்தால் வீட்டுக்குத் திரும்பாது. அடுத்து ரிமோட்டை முதலில் போட்டு, வேகக் குச்சியை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டு, அதன்பிறகே பேட்டரியை மாட்டினாள். இறங்கியபின் தலைகீழ், பேட்டரியைப் பிடுங்கிய பிறகுதான் ரிமோட்டை அணைப்பது. இந்த வரிசை மாறினால் மோட்டார் யார் சொல்லையும் கேட்காமல் சுழலலாம். பத்து அங்குல விசிறி நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பட்டறையில் மோட்டாரைச் சோதிக்கிற நாளெல்லாம் விசிறியைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

பேட்டரி மாட்டியதிலிருந்து யாரும் விசிறிக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நிற்கக் கூடாது. என்னைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டது அந்தப் பெண்தான். விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். வலது இறக்கையின் மடிப்பு எழும்பியது, இடது தாழ்ந்தது. குச்சியைத் தன் பக்கம் இழுத்தாள், வால் மடிப்பு மேலே வந்தது. மடிப்புகளை ஆட்டுகிற சர்வோவைப் பழுது பார்த்துத் திருப்பி மாட்டும்போது இது தலைகீழாகிவிடுவது சகஜம். தரையில் கண்டுபிடித்தால் ஒரு நிமிட வேலை, மேலே கண்டுபிடித்தால் தெர்மாகோல் பொறுக்கலாம். பேரன் விமானத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு ரிமோட்டை வேண்டுமென்றே அணைத்தாள். மோட்டார் நின்றது. தொடர்பு அறுந்தால் அது நின்றே ஆக வேண்டும். மறுபடி இணைத்து, ரிமோட்டைக் குறைந்த சக்தியில் வைத்து முப்பது தப்படி நடந்துபோய்க் குச்சிகளை ஆட்டினாள். மடிப்புகள் ஆடின.

ஆசாரி கைப்பிடி மண்ணை எடுத்து உதிர்த்தார். காற்று மேற்கிலிருந்து. விமானத்தை மேற்கே பார்க்கப் பிடித்து, கிடைமட்டமாக, மேலே எறியாமல் தள்ளிவிட்டான் பேரன். எழும்பியது.

எதிரே திரும்பி வருகிற விமானம்தான் புதியவர்களுக்குக் கண்டம். அது நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடம். மூளை குழம்பி, எதிர்ப்பக்கம் தள்ளி, குத்திவிடுவார்கள். இதற்கு ஆசாரி சொல்லிக்கொடுத்திருப்பது ஒரே வரி: “எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கம் குச்சியத் தள்ளு. சாயற வாழைக்கு முட்டுக் குடுக்கற மாதிரி.” வலம், இடம் யோசிக்கவே வேண்டாம். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன், முட்டு, முட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது நிமிடம் ரிமோட் பீப் அடித்தது. மோட்டாரில் இன்னும் பலம் இருந்தது. நானாக இருந்தால் இன்னொரு சுற்று விட்டிருப்பேன். அவள் உடனே காற்றை எதிர்த்துத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, புல்மேல் சறுக்கவிட்டாள். பேட்டரியை எடுத்து அளந்தார்கள். செல்லுக்கு 3.75, 3.74, 3.75. நோட்டில் தேதி போட்டு எழுதினாள். எந்த பேட்டரியில் ஒரு செல் மட்டும் ஒவ்வொரு முறையும் பின்தங்குகிறதோ, அது மூப்படைகிறது என்று அந்த நோட்டுதான் முதலில் காட்டுமாம்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்தார். மகனுக்குப் பிறந்தநாள், திருப்பூரில் வீடு, செட்டாகக் கொரியரில் அனுப்பிவிட முடியுமா, பணம் இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்றார்.

“பையனக் கூட்டிட்டு வாங்க” என்றார் ஆசாரி.

“அவனுக்கு ஸ்கூல் இருக்குங்களே.”

“லீவு நாள்ல வாங்க. ஒரு தடவ எம்முன்னால உக்காந்து சார்ஜ் போடட்டும். இடையில எந்திரிச்சு ஓடாம இருந்தான்னா ப்ளேன் குடுக்கறேன்.”

“ஓடினா?”

“ஓடினா தெர்மாகோல்ல கையால எறியற கிளைடர் இருக்குங்க. பேட்டரி இல்லாதது. அதுக்குக் காசு வேண்டாம்.”

காரில் வந்தவர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ சிபாரிசு செய்வேன் என்று நினைத்திருப்பார். ஆசாரி அதற்குள் அடுத்த பையனின் விமானத்தை விரல் நுனியில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வால் கொஞ்சம் தொங்கியது.