பொழியூர் மணலில் மஞ்சள் சட்டைகள்

பூவார்

அன்புள்ள செல்வம்,

பூவாருக்கு வருகிறவர்கள் படகேறி, நெய்யாறு கடலில் சேரும் மணல்திட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீ வந்தால் அதோடு நிற்காதே. தெற்கே பொழியூருக்குப் போ, வெயில் தாழ்ந்த பிறகு. வலை காயும் கரையெல்லாம் அந்நேரம் கால்பந்து மைதானம்தான்.

நான் போனபோது வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த பையன்களில் பாதிப்பேர் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சளில் இருந்தார்கள். ஒருவனுடைய சட்டையில், உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு, நெஞ்சிலிருந்த யானை உரிந்துபோய்த் தும்பிக்கை மட்டும் மிச்சமிருந்தது. 2014-ல் தொடங்கிய அந்தக் கிளப்புக்கு யானைதான் முத்திரை. ‘கேசு’ என்ற குட்டியானையும் உண்டு. 2024-ல் சூப்பர் லீக் கேரளாவில் இறங்கிய திருவனந்தபுரம் அணியும் ‘கொம்பன்ஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. திருவிதாங்கூர் முத்திரையில் சங்குக்குக் காவல் நின்ற யானைகளை இன்றும் கேரள அரசு முத்திரையில் பார்க்கலாம். இன்று தமிழ்நாட்டில் இருக்கும் அடுத்த ஊரான நீரோடியும், அதற்கப்பால் தூத்தூரும் 1956 நவம்பர் 1 வரை அந்தத் திருவிதாங்கூர் மண்தான்.

நம் சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையில் இருப்பதோ திருஷ்டி பொம்மையின் முகம். புது வீட்டு வாசலில் கட்டுகிறோமே, அதே முகம். இந்தியக் கிளப்புகளின் முத்திரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் இந்தக் கரையில் கிளப்பைவிட ஊர்தான் பெரிது. தமிழ்நாட்டுப் பக்கத்து இரவிபுத்தன்துறை ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று எத்தனையோ நிறச் சட்டைகளில் ஆடிவிட்டார். டீக்கடையில் அவர் பேச்சு வந்தபோது கிளப் பெயர் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை; “நம்ம இரவிபுத்தன்துறைக்காரன்” என்றார்கள். சொன்னவர்கள் கேரளத்துக்காரர்கள். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் வங்கத்தை டைபிரேக்கரில் வீழ்த்திக் கேரளம் சந்தோஷ் டிராபி வென்றதே, அந்த அணியில் ஆடிய சீசன் பொழியூர்க்காரர். அவரைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

கொச்சி கலூர் மைதானத்தில் பிளாஸ்டர்ஸின் மஞ்ஞப்பட ரசிகர்கள் கைகளைத் தலைக்குமேல் விரித்து, மெதுவாகத் தட்ட ஆரம்பித்து, வேகம் கூட்டுவார்கள். 2016 யூரோவில் ஐஸ்லாந்துக்காரர்கள் உலகுக்குக் காட்டிய கைதட்டு அது. பொழியூர்க் கரையில் நான் கேட்டது வேறு. கோல் விழுந்ததும் ஒரு பெரியவர் “ஆர்ப்போ” என்று நீட்டி இழுத்தார். “இர்ரோ, இர்ரோ” என்று கரையே முடித்துவைத்தது. வள்ளப் போட்டிகளில் எழுப்பும் ஆர்ப்பு. அது அடங்குவதற்குள் பின்னாலிருந்து, “அடிலே மக்களே!” என்று சுத்தமான நம்மூர்த் தமிழ். அந்தக் கூட்டத்தில் யார் எந்த மாநிலம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அங்கே யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. கடலரிப்பால் இந்தக் கரை ஆண்டுக்காண்டு மெலிகிறது. வீடுகள் போயிருக்கின்றன, நீரோடிக்குப் போகும் கரைச் சாலையும் உடைந்திருக்கிறது. பையன்கள் ஓடிப் பழகும் மணலும் அதோடு சேர்ந்துதான் போகிறது. கொஞ்சம் உள்ளே தள்ளி, இவர்களுக்கென்று ஒரு நல்ல புல்தரை வேண்டும். இரண்டு மாநிலங்களும் சேர்ந்து போட்டுக் கொடுத்தால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே இரண்டு தேவாலயப் பங்குகளுக்கு இடையே ஆட்டமாம். நான் தங்கப்போகிறேன். சனிக்கிழமை இரவு ரயிலேறினால், காலையில் பாறசாலையில் இறங்கி நீயும் வந்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்