முந்திச் செல்லுதல்

சிங்கப்பூரிலிருந்து சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் மாலையில்தான் புறப்படுகின்றன. காலையில் முந்தைய பயணிகள் இறங்கிச் செல்ல, இடைப்பட்ட சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான படுக்கைகளின் விரிப்புகள் மாற்றப்பட்டாக வேண்டும். ஆகவே ஏறும் நேரத்தைப் பகுத்துக் குறித்துத் தருகிறார்கள். முந்திச் சென்றாலும் அறை பிற்பகலில்தான் திறக்கும். கிடைப்பது கூட்டமற்ற மதிய உணவு மட்டுமே.

இதையெல்லாம் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. எங்களுக்குக் குறித்த நேரத்துக்கு இரண்டு மணி முன்பாகவே மரினா பே முனையத்தில், கைப்பையை மடியில் அணைத்தபடி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறியவள் அவள்.

1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தளப்பயணிகளுக்கு அறை கிடையாது. பாய் விரித்த இடமே வீடு. நாகப்பட்டினத்தில் படகில் சென்று கப்பலேற வேண்டும். அதற்குள் சென்னையில் ஏறியவர்கள் நல்ல இடங்களைப் பிடித்திருப்பார்கள். காற்று வரும், சாரல் படாத, கழிப்பறைக்குத் தள்ளிய ஓர் ஆறடி வேண்டும். தாத்தா மூட்டைகளைச் சுமக்க, பாயோடு முன்னே ஓடுவது அம்மாவின் பொறுப்பு.

நிதானத்தை நாம் ஒரு குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். இடம் உறுதியானவர்களுக்கு அது எளிது. அவர்கள் ஓடிப் பிடித்த ஆறடியின் தொடர்ச்சிதான் நம் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் எண்ணிட்ட அறை.