மாப்பிள்ளைக்கு, அந்த ஸ்பிரிங் கட்டை பற்றி

சிங்காநல்லூர்,
கோவை.

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு இரும்புக் கட்டை, நடுவில் நாலு ஸ்பிரிங். இதை டிஃப்ரன்ஷியலுக்குள் செருகினால் உன் சிவிக் மான்ட்ரியால் பனியில் சக்கரம் சுற்றி நிற்காது, முழு எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாய்ச் சுற்றாமல் தடுக்கும் டிஃப்ரன்ஷியல்) வாங்கும் செலவில் கொஞ்சம்தான் ஆகும் என்று விற்கிறவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கட்டை ஒரு வேலை செய்யத்தான் செய்யும். எவ்வளவு செய்யும், எதைத் தின்று செய்யும் என்பதைப் பார்.

உன்னுடையது 2000 மாடல் எஸ்ஐஆர். 160 குதிரைத்திறன், நல்ல இன்ஜின், ஆனால் டிஃப்ரன்ஷியல் சாதா ஓப்பன் வகை. அதே காலத்தில் ஜப்பானில் விற்ற சிவிக் டைப் ஆருக்கு ஹெலிக்கல் எல்எஸ்டி கொடுத்த ஹோண்டா, உங்கள் பக்கத்துக்கு மட்டும் கையைச் சுருக்கிக்கொண்டது.

கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் ஹவுசிங், அதற்குள் குறுக்கே ஒரு பின், பின்னில் இரண்டு ஸ்டார் பினியன், அவற்றோடு பல் சேரும் இரண்டு சன் கியர், ஒவ்வொரு சன் கியரிலும் ஒரு டிரைவ் ஷாஃப்ட். இவ்வளவுதான் ஓப்பன் டிஃப்ரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற இது இடம் கொடுக்கும். ஆனால் டார்க்கை மட்டும் இரு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். உன் தாத்தா ஏர் ஓட்டும்போது பார்த்திருப்பாய்: ஒரு மாடு தளர்ந்தால் நுகத்தடி சாய்ந்துவிடும், மற்ற மாடு எவ்வளவு முக்கினாலும் கலப்பைக்குப் போய்ச் சேராது. பனிக்கட்டி மேல் நிற்கும் இடது சக்கரம் 50 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கே வழுக்குகிறது என்று வை. தார் ரோட்டில் நிற்கும் வலதுக்கும் அதே 50தான் போகும். ஆக மொத்தம் 100. இன்ஜினில் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனமில்லை.

இப்போது உன் கட்டைக்கு வருவோம். ஹவுசிங்குக்குள் இரண்டு சன் கியருக்கும் நடுவில், குறுக்குப் பின்னை அணைத்தபடி அது உட்காரும். ஹவுசிங்கோடு சேர்ந்தே சுற்றும். ஸ்பிரிங்குகள் கட்டைகளை வெளிப்பக்கம் தள்ள, கட்டைகள் சன் கியரின் உள்முகத்தை அழுத்தும். சன் கியரின் முதுகு ஹவுசிங்கில் போய் அழுந்தும். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் போகும்வரை எதுவும் உரசாது. ஒன்று மட்டும் சுற்ற ஆரம்பித்தால் உராய்வு தடுக்கும், தடுத்த அளவு டார்க் மறுபக்கம் போகும். அந்த உராய்வு இரு பக்கத்துக்கும் 60 நியூட்டன் மீட்டர் வித்தியாசம் தரும் என்று வைத்துக்கொள். இடதில் 50, வலதில் 110, மொத்தம் 160. பரவாயில்லை, இல்லையா?

சிக்கல் என்னவென்றால், அந்த 60 எப்போதும் 60தான். நீ ஆக்சிலேட்டரை மிதிக்கிறாயா, காலை எடுத்துவிட்டாயா என்பது ஸ்பிரிங்குக்குத் தெரியாது. பிடிமானம் கொஞ்சம் நல்ல இடத்தில், ஒரு சக்கரம் 200 தாங்குகிறது என்றால் மறுபக்கம் 260தான். ஹெலிக்கல் வகையில், வரும் டார்க்கே கியர்களை ஹவுசிங் சுவரில் வைத்து அழுத்துகிறது. டார்க் ஏற ஏறப் பிடியும் ஏறும், காலை எடுத்தால் தளரும். வெர்னன் கிளீஸ்மன் 1958இல் பேடன்ட் வாங்கிய டார்சனும் இந்தக் குடும்பம்தான். அதில் ஒன்றுக்கு இரண்டரை விகிதம் என்று வைத்தால், அந்த 200க்கு மறுபக்கம் 500 வரை போகலாம். நழுவும் பின்னும் கேமும் கொண்ட வகை இன்னும் பழசு. ஆட்டோ யூனியன் பந்தயக் காருக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே 1935இல் இசட்எஃப் கம்பெனியிடம் கேட்டு வாங்கிய வழி அது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் ஹெலிக்கலில் பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். உன் கட்டை அப்போதும் தன் 60ஐக் கொடுக்கும். ஆனால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டர் கொடுத்தாலே ஹெலிக்கலும் விழித்துக்கொள்ளும்.

எனக்கு உண்மையில் பிடிக்காத விஷயம் வேறு. சன் கியரின் உள்முகம் உரசுவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. இரும்போடு இரும்பு தேயும், தேய்ந்த அளவு ஸ்பிரிங் விரியும், பிடி குறையும். தேய்ந்த தூள் எங்கே போகும்? பின்சக்கரம் ஓட்டும் ஜீப்பில் அது பின் ஆக்சிலிலேயே கிடக்கும். உன் வண்டியில் டிஃப்ரன்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. பேரிங், சின்க்ரோ எல்லாம் அந்தத் தூளைக் குடிக்கும். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடுகிற வண்டி என்றால் பேச்சு வேறு. பந்தயத்துக்குப் பந்தயம் இறக்கிப் பார்ப்பார்கள். நீ வேலைக்குப் போக ஓட்டுகிறாய்.

பனிக்கட்டியில் இன்னொன்றும் உண்டு. ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், ஸ்டியரிங் திருப்பியும் மூக்கு நேரே போகும். உங்கள் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்கிறாயே, அதில் நல்லதாக நாலு வாங்கிப் போடு. முதல் காசு அங்கேதான் போக வேண்டும்.

அதற்கும் மேல் ஆசை இருந்தால், பொறுத்திருந்து ஹெலிக்கல் வாங்கு. கியர்பாக்ஸ் இறக்கிப் பிரிக்கிற கூலி கட்டைக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சம் பிடிப்பது சாமான் விலையில் மட்டும். கிரவுன் வீலை மாற்றும்போது போல்ட் எல்லாம் இடது மரை என்பதை மெக்கானிக்கிடம் சொல். தெரியாமல் வழக்கம்போல் திருகி இறுக்கி உடைத்துவிடுவார்கள். பேரிங் இடைவெளிக்கு ஷிம் அளந்து போட்டாரா என்றும் கேள்.

எதற்கும் முன்னால் கியர் ஆயிலை ஒரு தரம் இறக்கு. டிரெயின் போல்ட்டைப் பார். அதில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணம். சில்லுச் சில்லாக இருந்தால் துடைக்காமல் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கியர்பாக்ஸே போயிருந்தால் எந்த டிஃப்ரன்ஷியல் என்ற கேள்விக்கே இடமில்லை. அத்தை முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
மாமா