ரயில்ல போனா பயமா?

சித்தி போன் பண்ணாங்க. "ரயில் வேணாம்மா, கார்லயே வந்துடு. நியூஸ் பாத்தாலே பயமா இருக்கு."

பயம் புரியுது.
பாலசோர் ரயில் விபத்தை யாரால மறக்க முடியும்? 2023 ஜூன் 2. சென்னைக்கு வந்துட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கு மேல செத்துப்போனாங்க.

ஆனா அதுக்கு முந்தின வருஷம், 2022ல, நம்ம நாட்டு ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். அரசாங்கக் கணக்கு.
ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல!

தினமும் ஒரு பாலசோரை விடப் பெருசா நடக்குது. ஆனா தனித்தனியா நடக்குது. ஹெல்மெட் போடாத ஒரு பையன், கண்ணசந்துட்ட ஒரு டிரைவர், நடுராத்திரி லைட் இல்லாம நின்ன ஒரு லாரி. பேப்பர்ல நாலு வரி. அவ்ளோதான்.

ரயில் பக்கம் பாருங்க. 2024 அக்டோபர்ல கவரைப்பேட்டையில பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்னுட்டிருந்த சரக்கு ரயில் மேல மோதிச்சு. பெட்டிங்க கவுந்துச்சு, தீ பிடிச்சுது. ஆனா ஒரு உயிர்கூட போகல. மோதினாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத மாதிரி செஞ்ச எல்எச்பி பெட்டிங்க அதெல்லாம்.

படிக்கட்டுல தொங்கி விழறவங்க, தண்டவாளத்தைத் தாண்டறப்ப அடிபடறவங்க கணக்கு தனி. அது ரொம்பப் பெருசு. அதை ரயில்வே தன்னோட ரயில் விபத்துக் கணக்குல சேர்க்கறதில்ல, அதுல எனக்கு ஆத்திரம்தான்.

1956ல அரியலூர் விபத்துக்குப் பொறுப்பேத்து லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியையே விட்டார்.
ரோட்டுல தினமும் போற இத்தனை உயிருக்கு யாருங்க பொறுப்பு?